யாருடைய அவசரம்?

அட்டாளைச்சேனையை ஊடறுத்துச் செல்லும் பிரதான வீதியில், பாடசாலை விடும் வேளையில் ஒரு கால்மணி நேரம் நின்று பார்ப்பவர்க்கு நம் சமுதாயத்தைப் பற்றிய பெரிய நூல்கள் தேவைப்படா. வெள்ளைச் சீருடைகள் வீதியோரத்தில் குவிந்து நிற்கும். அவர்தம் காலடியில் பாதசாரிக் கடவையின் கோடுகள் கிடக்கும். அக்கோடுகளின் பொருள் யாதென்பது சாரதி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். பரீட்சை எழுதித்தானே அதனைப் பெற்றனர்! ஆயினும் கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ் வண்டி ஒலியெழுப்பி அக்குவியலை இன்னும் ஓரடி பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பாயும். அதனைத் துரத்திக்கொண்டு மற்றொன்று வரும். டிப்பர் லொறி முகப்பு விளக்கை மின்னிக் காட்டும். 'நீ போ' என்பதற்கு விளக்கை மின்னும் நாடுகள் உலகில் உண்டு. நம் நாட்டிலோ 'நான் வருகிறேன், நீ நில்' என்பதே அதன் பொருள். கடைசியில் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் மனமிரங்கி நிறுத்துவார். அவர் நின்றதைக் கண்டு பிள்ளைகள் ஓடத் தொடங்குவர். நின்ற வண்டியை முந்திக்கொண்டு அதன் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வரும். அன்றன்று பிள்ளைகள் தப்புவது சட்டத்தின் தயவால் அன்று. தம் கால்களின் சுறுசுறுப்பால்.

"நம்மட சனத்துக்கு ஒழுங்கு இல்ல" என்பார், எதிரே தேநீர்க் கடையில் இருக்கும் பெரியவர். படித்தவர்கள் இதையே நீட்டிச் சொல்வர்: மேல்நாட்டான் நள்ளிரவில் ஆளரவம் அற்ற சந்தியிலும் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிறான், நமக்கு அந்தப் பண்பாடு இல்லை, நாம் திருந்த மாட்டோம். இப்படிச் சொல்லிவிட்டு, சொன்னவரும் தம் மோட்டார் சைக்கிளில் ஏறி அதே கடவையை அதே வேகத்தில் கடந்து போவார். சமுதாயத்தைப் பழித்துவிட்டால் தாம் அச்சமுதாயத்திற்கு வெளியே நிற்பதாக ஓர் எண்ணம் அவருக்கு!

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அதனை மறுக்க வெளியூர் போகவும் வேண்டியதில்லை. இக்கரையோர ஊர்களில் கட்டாரிலும் சவூதியிலும் துபாயிலும் சாரதியாக உழைத்துத் திரும்பியோர் பலர் உளர். அங்கே ஆண்டுக்கணக்காக ஒரு சிவப்பு விளக்கையேனும் மீறாதிருந்தவர், கட்டுநாயக்காவில் இறங்கி ஊர் வந்து சேர்ந்த மறுநாளே கடவையில் நிற்கும் பிள்ளைகளைக் காணாதவராகி விடுகிறார். இடையில் அவருடைய இரத்தம் மாறிற்றா? மார்க்கம் மாறிற்றா? மாறியது அவர் வண்டி ஓட்டும் உலகம்.

"அங்கே தண்டம் கடுமை, கமரா உண்டு, அச்சம் உண்டு" என்று இதற்கும் விடை சொல்வர். உண்மையே. ஆனால் அச்சம் என்னும் மருந்தைக் கிழக்குக் கரையார் அருந்தாதவர் அல்லர். 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் இவ்வீதியின் சோதனைச் சாவடிகளில் நாம் நிற்கத் தவறினோமா? தொலைவிலேயே வேகம் குறைந்தது. இறங்கி வண்டியை உருட்டினோம். நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றோம். போர் முடிந்தது, வீதி அகன்றது, காபட் இடப்பட்டது, சாவடிகள் அகன்றன. அவற்றோடு நிற்கும் வழக்கமும் அகன்றது. ஏனெனில் நாம் பழகியது துப்பாக்கிக்கு நிற்பதை. மனிதருக்கு நிற்பதை அன்று. அச்சத்தால் வந்த ஒழுங்கு, அஞ்சத்தக்கவர் சந்தியில் நிற்கும் வரைதான் நிற்கும். போக்குவரத்துப் பொலிஸார் நிற்கும் இடத்தை எதிரே வரும் சாரதிகள் விளக்கு மின்னி ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வதைப் பாருங்கள். நம் சாரதிகளிடையே ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னார்?

மேலே இருந்தோரும் இதே பாடத்தையே நாட்டுக்குக் கற்பித்து வந்தனர். ஒலியெழுப்பும் காவல் வண்டிகள் முன்னும் பின்னும் வர, அமைச்சர்களின் வாகன வரிசை சிவப்பு விளக்கைக் கடந்து போனதையும், வெயிலில் நின்ற பொதுமக்கள் அந்த வரிசை போகும் மட்டும் ஒதுக்கி நிறுத்தப்பட்டதையும் பல தசாப்தங்களாகக் கண்டோம். நிற்பது சிறியோர்க்குரியது, நில்லாமற் போவதே பெரியோர்க்கு அடையாளம் என்ற பாடத்தை ஒரு தலைமுறை முழுவதும் வீதியோரத்தில் நின்று கற்றுக்கொண்டது. பெரிய வண்டி வாங்கியவன் தானும் ஒரு சிறு அமைச்சன் என்று எண்ணுவதில் வியப்பென்ன?

வீதிச் சமிக்ஞை பிறந்த கதையை இங்கு நினைவுகூர்தல் தகும். 1868 டிசம்பரில் இலண்டனில், பாராளுமன்றக் கட்டடத்தின் எதிரே, புகையிரதப் பொறியியலாளர் ஒருவரின் யோசனைப்படி முதலாவது சமிக்ஞைத் தூண் நாட்டப்பட்டது. இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள். குதிரை வண்டிகளின் நெரிசலிடையே நடந்து செல்வோர் வீதியைக் கடக்க வேண்டும் என்பதே நோக்கம். அடுத்த மாதமே அது வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த பொலிஸ்காரரைக் காயப்படுத்தியது வேறு கதை. நடப்பவருக்காகப் பிறந்தது அது. அந்த ஒரு கணத்தில் ஆறு சில்லு வண்டியும் ஐந்து வயதுப் பிள்ளையும் சமம் என்று சொல்லும் பொருள். நம் நாட்டில் வேறெங்கும் காணக் கிடையாத இச்சமத்துவத்தைத்தான் நாள்தோறும் சில்லுக்கடியில் போட்டு நசுக்குகிறோம்.

ஆயினும் நசுக்குவோர் அனைவரும் ஒரே காரணத்தால் நசுக்குவதில்லை. இதனை விளங்கிக்கொள்ள, நம் கரையில் இல்லாத ஒன்றை, புகையிரதக் கடவையை, நினைக்க வேண்டும். நமக்கு வரும் புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. ஆனால் நம்மூரிலிருந்து கொழும்புக்குப் போவோர் எவரும் அத்தகைய கடவைகளைத் தாண்டாதிருக்க முடியாது.

2005 ஏப்ரல் 27. பொல்கஹவெலவை அடுத்த யாங்கல்மோதர என்னும் இடத்தில் புகையிரதக் கடவையின் தடுப்புகள் இறங்கியிருந்தன. அதாவது, நில் என்பதற்கு வேறெந்தச் சொல்லும் தேவைப்படாத நிலை. பயணிகளை ஏற்றிவந்த ஒரு பஸ் வண்டி, தடுப்புகளைச் சுற்றி வளைந்து உள்ளே நுழைந்தது. கண்டி நோக்கி விரைந்து வந்த புகையிரதம் அதனை மோதியது. குறைந்தது 35 பேர் மாண்டனர்.

சாரதிக்குப் பைத்தியமா? வண்டியில் இருந்தோர் உயிரைத் துச்சமென மதித்தாரா? இல்லை. அவர் மற்றொரு பஸ் வண்டியோடு போட்டியிட்டு ஓடிக்கொண்டிருந்தார். போட்டி எதற்காக? பரிசுக் கிண்ணத்திற்காக அன்று. அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பயணிகளுக்காக. புகையிரதம் கடக்கும் சில நிமிடங்கள் நின்றால், முன்னே போகும் வண்டி அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தச் சில நிமிடங்களின் விலை அன்றைய கூலி. தடுப்பு இறங்கிய கடவையில் அவர் மீறியது அரசாங்கத்தின் சமிக்ஞையை. கீழ்ப்படிந்தது முதலாளியின் கணக்கை.

இக்கணக்கைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தனியார் பஸ் வண்டியின் சாரதியும் நடத்துநரும் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுவோர் அல்லர். அன்றைய வசூலில் உரிமையாளருக்கு இவ்வளவு, எரிபொருளுக்கு இவ்வளவு, நேரக்காப்பாளருக்கு இவ்வளவு என்று கொடுத்தபின் எஞ்சுவதிலோ, வசூலின் ஒரு பங்கிலோதான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. உரிமையாளருள்ளும் பெரும்பாலோர் ஒரு வண்டியை மட்டும், அதுவும் கடனில், வைத்திருப்பவர்கள். ஒரே வீதி, ஒரே நேரம், ஒரே பயணி. வண்டிகள் மட்டும் பல. இவ்வமைப்பில் விதியை மதித்து ஓட்டும் சாரதி மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புவார். மீறுபவர் அரிசியோடு திரும்புவார். ஒழுக்கத்திற்குத் தண்டமும் மீறலுக்குச் சன்மானமும் வழங்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, 'சனத்துக்கு ஒழுங்கு இல்லை' என்று புலம்புவது நல்ல வேடிக்கை.

எப்போதும் இப்படி இருந்ததா? 1958 ஜனவரி முதல் நாள், தனியார் கம்பனிகளிடம் இருந்த பஸ் சேவை நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதன் குறைபாடுகளை எழுதினால் இம்மாத இதழ் போதாது. நெரிசல், தாமதம், நட்டம், அரசியல் நியமனம் எல்லாம் உண்டு. ஆயினும் அதன் சாரதி சம்பளக்காரர். அடுத்த தரிப்பிடத்துப் பயணியை மற்றவன் ஏற்றிக்கொண்டால் அவர் பிள்ளை பட்டினி கிடப்பதில்லை. 1979இல் வீதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. போட்டி வந்தால் சேவை சிறக்கும் என்றனர். போட்டி வந்தது. அது எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அது நம் பிள்ளைகள் கடக்கும் கோடுகளின் மேல் நிகழ்கிறது.

முச்சக்கர வண்டிக்காரரின் அவசரத்தையும் இப்படியே ஆராயலாம். அவர் வண்டி அவருடையதன்று, லீசிங் கம்பனியுடையது. மாதத் தவணை தப்பினால் வண்டியைத் தூக்கிச் செல்ல ஆட்கள் வருவர். டிப்பர் சாரதிக்கு நடைக்கணக்கு: ஒரு நாளில் எத்தனை நடை மணலும் கிறவலும் இறக்கினார் என்பதே அவரது வருமானம். அவர் காலில் மிதிபடும் வேகமுடுக்கியின் மறுமுனையில் கட்டட ஒப்பந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு அப்பால் வங்கி இருக்கிறது. இவர்களில் எவரும் விபத்து நடந்த இடத்தில் அகப்படுவதில்லை.

இவ்வாறு கூறுவதனால் சாரதியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று எவரும் கருதலாகாது. வறுமை ஒருவனுக்கு மற்றொரு வறியவனைக் கொல்லும் உரிமையைத் தருவதில்லை. மேலும், பின்னால் எந்த முதலாளியும் இல்லாமலே பறப்பவர்களும் உளர். றமழான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது நம் வீதிகளைப் பாருங்கள். ஈச்சம்பழம் காத்திருக்காதா? வெளிநாட்டில் தந்தை வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிளில், தலைக்கவசமும் இன்றி, மகன் கடற்கரை வீதியில் காட்டும் வித்தைக்கு எந்த லீசிங் கம்பனி பொறுப்பு? ஆசிரியர்களாகிய நாமும் வெள்ளாடை உடுத்தியவர்கள் அல்லோம். காலையில் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுமுன் ஒப்பமிட வேண்டும் என்பதற்காக, முன்னால் ஒரு பிள்ளையையும் பின்னால் இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடவையைப் பறந்து கடந்தவர் நம்முள் எத்தனை பேர்? அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அஞ்சுகிறோம். வீதியிற் கிடக்கும் கோட்டுக்கு அஞ்சுவதில்லை. முன்னது நம் சம்பளத்தைத் தொடும். பின்னது பிறர் பிள்ளையைத் தொடும்.

தொட்டால் என்ன ஆகிறது? பௌதிகம் படிப்பிக்கும் நண்பர்கள் இதனை நன்கு விளக்குவர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். பிள்ளையைக் கண்டு கால் தடையை மிதிக்குமுன் அந்த 17 மீற்றர் போய்விடும். மிதித்த பின்னரும், 40 கிலோமீற்றர் வேகத்தில் நிற்கத் தேவையான தூரத்தைப் போல் இரண்டேகால் மடங்கு தூரம் வேண்டும். தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. நம் கடைத்தெருவில் அவ்வளவு வெற்றிடம் எங்கே இருக்கிறது?

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் மக்கள் வீதிகளில் மடிகின்றனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்வோரும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்வோருமே. இறப்புகளில் நூற்றுக்கு 92 வறிய, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. உலகின் வாகனங்களிலோ நூற்றுக்கு 60 அளவே அந்நாடுகளில் ஓடுகின்றன. நம் சிறிய நாட்டில் மட்டும் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். வாகனத்துக்குள் இருப்பவர் சமிக்ஞையை மீற, வாகனமே இல்லாதவர் அதற்கு விலை கொடுக்கிறார். இதனை விபத்து என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

இறந்தவரின் கணக்கேனும் ஏட்டில் ஏறுகிறது. கால் முறிந்த மீனவரின் கணக்கு எங்கே ஏறும்? அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ முதல் சிகிச்சை. காயம் பாரியதாயின் அறுபது கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. மருத்துவம் இலவசம்தான். மனைவி நாள்தோறும் போய்வரும் கூலி இலவசமா? தோணிக்குப் போகாத நாட்களுக்கு யார் படி அளப்பது? மூத்த பிள்ளை பாடசாலையை விட்டுக் கடையொன்றில் சேர்கிறான். ஒரு மாதம் கழிந்து, வாகனத்துக்காரர் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டுக்கு வருவர். "நடந்தது நடந்து போச்சு, வழக்கு எண்டு அலைஞ்சா வருசக்கணக்காகும்" என்பர். ஒரு தொகை கைமாறும். சமாதானம் என்று அதற்குப் பெயர். வகுப்பில் ஒரு நாற்காலி வெறுமையாவதற்கு இத்தகைய காரணம் ஒன்று இருப்பதைப் பதிவேடு பேணும் நாம் அறிவோம்.

அந்தச் சமாதானத்தை முத்திரையிட்டு முடிக்க ஒரு சொல் தயாராக இருக்கிறது: எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். அயலூரிலும் இதே வேலையைத் தலைவிதி என்ற சொல் செய்கிறது. துயரில் தோய்ந்த தாய் தன் நெஞ்சை ஆற்றிக்கொள்ள அச்சொல்லைச் சொல்வாளாயின் அதற்குத் தலை வணங்குவோம். வண்டியின் உரிமையாளர் சொல்வாராயின் வணங்க மாட்டோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டு என்று கற்பித்த மார்க்கம், தடைக்கட்டை தேய்ந்த வண்டியை வீதியில் விட்டுவிட்டு இறைவன்மேற் பழி சுமத்தக் கற்பிக்கவில்லை. வழியிலிருந்து பிறரை வருத்தும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு, ஜும்ஆ முடிந்ததும் கடவையின் மேலேயே மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருக்கும் முரண்பாட்டை யார் தீர்ப்பது?

அரசாங்கம் அறிந்த மருந்து ஒன்றே: தண்டத்தை உயர்த்து. 2016 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தில், பாரிய குற்றங்கள் சிலவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபா என்று முன்மொழியப்பட்டது. தனியார் பஸ் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன, நாடு தத்தளித்தது. இருபக்க வாதங்களிலும் ஒரு கேள்வி மட்டும் எழவில்லை. முச்சக்கர வண்டிக்காரருக்கு ஒரு மாத உணவாகிய தொகை, சொகுசு வாகனக்காரருக்கு ஒரு வேளை விருந்தின் செலவு. இருவர்க்கும் ஒரே தண்டம் என்பது எவ்வகைச் சமநீதி? பின்லாந்தில் 1921 முதலே வருமானத்துக்கு ஏற்பத் தண்டம் விதிக்கும் முறை உண்டு. வேகமாக ஓட்டிய செல்வர்கள் அங்கே பல்லாயிரம் யூரோ கட்டியிருக்கின்றனர். சுவீடன் 1997இல் இன்னும் ஒருபடி சென்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு வீதியை அமைப்பது அரசின் கடமை என்று அதன் பாராளுமன்றம் ஏற்றது. நம்மவர்க்கோ வீதி என்றால் காபட். காபட் என்றால் வேகம். வேகம் என்றால் அபிவிருத்தி. அந்த வீதியின் ஓரத்தில் அறுவடைக் காலத்தில் நெல் காயும், இரவில் மாடுகள் படுத்திருக்கும், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம் ஊரும் என்பதை வரைபடம் வரைந்தவர் அறியார்.

நாட்டுடைமை என்ற ஒரு சொல்லாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நாம் கூற வரவில்லை. 2025 மே 11ஆம் நாள் கொத்மலையில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பஸ் வண்டி போக்குவரத்துச் சபைக்கு உரியதே. கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி, அளவுக்கு மீறிய பயணிகளோடு சென்ற வண்டி அது. போதிய வண்டிகள் இல்லாத பொதுச் சேவை, பொதுச் சேவையின் பெயரை மட்டும் தாங்கி நிற்கும். 2024 நவம்பர் 26 நமக்கு இன்னும் அண்மையது. காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருக்க, வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்பட்டு அதனைக் கடக்க முயன்றனர். அறுவர் பிணமாக மீட்கப்பட்டனர். வண்டியைச் செலுத்தியவரும் மீளவில்லை. நீரே நில் என்று சொன்னது; கேட்டிருக்க வேண்டும். ஆனால் நில் என்று சொன்னபின், நின்றவர் எங்கே தங்குவது, எதில் வீடு போவது என்பதற்கு விடை வைத்திருப்பதும் சமுதாயத்தின் பொறுப்பே.

ஆகவே நாம் கேட்பவை பெரியனவல்ல. பஸ் தொழிலாளிக்கு வசூலோடு தொடர்பற்ற மாதச் சம்பளமும் ஓய்வு நேரமும். ஒரே வீதியில் ஓடும் அரச, தனியார் வண்டிகளுக்கு ஒரே நேர அட்டவணை. வருமானத்துக்கு ஏற்ற தண்டம். சாரதியோடு உரிமையாளரும் குற்றக் கூண்டில் நிற்கும் சட்டம். பாடசாலைகளின் எதிரே வண்டியைத் தானே வேகம் குறைக்கச் செய்யும் வீதி அமைப்பு. 1958இல் கொழும்பின் பலம் வாய்ந்த பஸ் கம்பனிகளை அசைக்க முடிந்த நாட்டில் இவை கனவுகள் அல்ல.

கடைசியாகக் கூறியதற்காக அண்மையில் பெற்றோர் சிலரோடு நாம் ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். கடவையை ஓரடி உயர்த்திக் கட்டித் தாருங்கள், வண்டிகள் தாமாகவே மெதுவாகும் என்றோம். அலுவலர் மரியாதையோடு கேட்டார், தேநீரும் தந்தார். "சேர், இது பிரதான வீதி, போக்குவரத்தின் வேகம் குறைந்துவிடும்" என்றார். அதற்காகத்தான் கேட்கிறோம் என்றோம். கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை காலை முதல், உயர்வகுப்பு மாணவர் நால்வரும் ஆசிரியர் ஒருவரும் கையில் பலகையோடு கடவையில் முறைவைத்து நிற்கிறோம். முதல் வாரத்தில் முச்சக்கர வண்டிகள் நின்றன. மோட்டார் சைக்கிள்கள் பாதி நின்றன. கல்முனையிலிருந்து ஏழு மணிக்கு முன்பின்னாக வரும் இரு பஸ் வண்டிகள் இன்னும் நிற்கவில்லை.